சுமைகாரர் பானமும் தெய்வ உணவும்

சென்ற தவணையின் இறுதியில் எங்கள் பாடசாலையிலே மனையியற் கண்காட்சியொன்று நடைபெற்றது. அதற்கு ஒரு கிழமை முன்னதாக, மனையியல் ஆசிரியை ஒரு தாளைக் கையிலேந்தியவராய் என் அறைக்கு வந்தார். உயர்தர வகுப்பு மாணவியொருத்தி, வெளிநாட்டிலே வாழும் தன் சிற்றன்னை எழுதியனுப்பிய செய்முறையொன்றைக் கண்காட்சிக்கெனக் கொடுத்திருந்தாள். கறுப்புச் சொக்கலேற், வெண்ணெய், சீனி, முட்டை, சிறிதளவு கோதுமை மா ஆகியவற்றோடு, ஸ்டௌட் எனப்படும் கறுப்புப் பியரை வற்றக் காய்ச்சிச் சேர்த்துப் போறணையிலே வேகவைக்கும் பிரௌனி என்னும் பணியாரத்தின் செய்முறை அது. "ஐயா, கேக்கினுள்ளே பியரை ஊற்றும் இந்த வழக்கத்தை நாங்கள் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?" என்று ஆசிரியை வினவினார்.

"கூடாது" என்று ஒரு சொல்லிலே விடை கூறி அனுப்பியிருக்கலாம். என் பாட்டனார் தம் ஊர் மதுவிலக்குச் சங்கத்திலே நெடுங்காலம் செயலாளராயிருந்தவர். அவர் வீட்டிலே வளர்ந்த எனக்கு அந்த ஒரு சொல் நாவின் நுனியிலேயே இருந்தது. ஆயினும், முப்பதாண்டுக் காலம் சரித்திரம் படிப்பித்தவன், ஒன்றன் வரலாற்றை ஆராயாமல் அதனை விலக்குவது முறையன்று என்றும் தோன்றிற்று. இரண்டு நாள் தவணை கேட்டுக்கொண்டேன். அவ்விரண்டு நாளிலும் எனக்குப் புலப்பட்ட செய்திகளையே இன்று நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன். ஒரு கேக்குத் தட்டிலே கலந்து நிற்கும் இவ்விரு கரிய பொருள்களும், ஒரு காலத்திலே ஒன்றையொன்று ஒழித்துவிடப் போட்டியிட்டவை என்பதை அறிந்தபோது நானே வியப்புற்றேன்.

முதற்கண் பியரின் கதையைக் காண்போம். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே இலண்டன் மாநகரிற் கபில நிறமான பியர் வகையொன்று பெருவழக்குப் பெற்றது. சந்தைகளிலும் தேம்ஸ் நதித் துறைகளிலும் மூட்டை சுமந்த கூலியாட்களே அதனை மிகுதியாக விரும்பிப் பருகினர். சுமைகாரனை ஆங்கிலத்திலே போர்ட்டர் என்பர். ஆதலின் அப்பானமும் போர்ட்டர் என்றே பெயர் பெற்றது. 1722ஆம் ஆண்டிலே ஒரு வடிசாலைக்காரர் இதனை ஒரே நாளிற் கண்டுபிடித்தார் என்று வழங்கும் கதையை இன்றைய ஆராய்ச்சியாளர் ஏற்பதில்லை. பல வடிசாலைகள் பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகத் திருத்தியமைத்த பானம் அது. போர்ட்டர் வகையுள் வலிமை மிக்கதனை "ஸ்டௌட் போர்ட்டர்" என்றனர். ஸ்டௌட் என்ற சொல்லுக்கு அந்நாளில் வலியது என்பதே பொருள். காலஞ் செல்லச் செல்லப் பின்னைய சொல் உதிர்ந்து, முன்னைய சொல்லே பெயராக நிலைத்துவிட்டது.

பியர் செய்யும் முறையைச் சிறிது கூறுதல் வேண்டும். பார்லித் தானியத்தை நீரில் ஊறவைத்து முளைக்கச் செய்து, முளை நீளுமுன் சூட்டிலே உலர்த்துவர். இதுவே மோல்ட் எனப்படுவது. உலர்த்தும் சூடு மிகுந்தால் மோல்ட்டின் நிறமும் கறுக்கும். மோல்ட்டை நொறுக்கி வெந்நீரிற் கரைத்து, இனிய சாற்றை வடித்து, ஹொப் என்னும் கசப்புப் பூவைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறிய பின்னர் மதுவம் இட்டு நொதிக்கச் செய்வர். ஆதியிலே போர்ட்டர் முழுவதும் கபில மோல்ட்டினாலேயே ஆக்கப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே திரவமானி என்னும் கருவி வடிசாலைகளுட் புகுந்தது. சாற்றிலே எவ்வளவு சத்து இறங்கியுள்ளது என்பதை அது அளந்து காட்டியது. கபில மோல்ட்டைக் காட்டிலும் வெளிர்நிற மோல்ட்டிலே மிகுந்த சத்து உண்டென்பதும், ஆகவே கபில மோல்ட்டுக்குக் கொடுக்கும் பணத்தின் ஒரு பகுதி வீணாகின்றது என்பதும் அப்பொழுதுதான் தெளிவாயின.

வடிசாலைக்காரர் வெளிர்நிற மோல்ட்டுக்கு மாறினர். செலவு குறைந்தது. ஆனால், பானத்தின் கரிய நிறமும் குறைந்தது. நிறத்தை மீட்பதற்காகச் சிலர் எரித்த சீனியையும் வேறு பல பொருள்களையும் கலந்தனர். அரசாங்கம் இதனைப் பொறுக்கவில்லை. 1816ஆம் ஆண்டுச் சட்டமொன்று, மோல்ட்டும் ஹொப்பும் அன்றி வேறெந்தப் பொருளும் வடிசாலையிலே இருத்தலாகாது என்று விதித்தது. மறு ஆண்டிலேயே, அதாவது 1817இல், டானியல் வீலர் என்பவர் ஒரு புதுமையைப் பதிவு செய்தார். கோப்பிக் கொட்டையை வறுப்பது போல, மோல்ட்டை மூடிய உருளையினுள்ளே சுழற்றிச் சுழற்றிக் கருக வறுக்கும் முறை அது. அவ்வாறு வறுத்த மோல்ட்டிற் சிறிதளவு சேர்த்தாலே பானம் கறுத்துவிடும், சட்டத்துக்கும் மாறில்லை. இன்று ஸ்டௌட்டிலே நாம் காணும் கருமையும், கோப்பியை நினைவூட்டும் கசப்பும் அந்த உருளையிலிருந்து பிறந்தவையே. பிற்காலத்திலே "சொக்கலேற் மோல்ட்" என்று ஒருவகை மோல்ட்டும் வழக்குக்கு வந்தது. பெயரைக் கேட்டு மயங்கற்க. அதிலே கொக்கோ ஒரு துளியும் இல்லை; நிறம் பற்றி வந்த பெயரே அது.

போர்ட்டர் வடிசாலைகள் அக்காலத்துப் பெருந்தொழிலகங்களாய் வளர்ந்தன. யாருடைய தொட்டி பெரிது என்பதிலே முதலாளிகளிடையே போட்டியும் மூண்டது. அப்போட்டியின் பயனை ஏழைகளே அனுபவித்தனர். 1814ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆம் நாள், இலண்டன் சென் ஜைல்ஸ் பகுதியை அடுத்திருந்த மியூ வடிசாலையிலே 22 அடி உயரமான மரத்தொட்டியொன்று வெடித்தது. அதனைச் சுற்றியிருந்த இரும்பு வளையமொன்று கழன்று விழுந்ததை ஒரு மணித்தியாலம் முன்னதாகவே ஊழியர் கண்டனர். அது வழக்கமாக நிகழ்வதொன்று என்று விட்டுவிட்டனர். தொட்டி பிளந்தபோது பெருக்கெடுத்த போர்ட்டர், சுவரை உடைத்துக்கொண்டு, பின்புறத்திலிருந்த ஏழை ஐரிஷ் மக்களின் குடியிருப்புக்களுட் பாய்ந்தது. நிலவறை வீடொன்றிலே இறந்த குழந்தையொன்றின் உடலைச் சூழ்ந்து துக்கம் காத்திருந்தோர் அங்கேயே மாண்டனர். மாண்டவர் எண்மர், அனைவரும் பெண்களும் சிறுவருமே. விசாரணை செய்த யூரர்கள் இது தற்செயலான விபத்து என்று தீர்ப்பளித்தனர். வடிசாலையினர் தாம் இழந்த பியருக்குச் செலுத்தியிருந்த வரியைப் பாராளுமன்றத்தினூடாகத் திரும்பப் பெற்றனர். இறந்தோரின் உறவினர் பெற்றது அயலார் இட்ட பிச்சைக் காசு மட்டுமே.

அயர்லாந்திலே ஆதர் கின்னஸ் என்பவர் 1759ஆம் ஆண்டு, டப்ளின் நகரிலே சென் ஜேம்ஸ் வாயிலை அடுத்த வடிசாலையொன்றை ஆண்டுக்கு 45 பவுண் வாடகையில் 9,000 ஆண்டுகளுக்குக் குத்தகையாகப் பெற்றார். இலண்டனிலிருந்து வந்த போர்ட்டரின் செல்வாக்கைக் கண்ட அவர், தாமும் அதனையே வடிக்கத் தொடங்கி, 1799ஆம் ஆண்டிலே மற்றைய பியர் வகையை அறவே கைவிட்டார். சுமைகாரர் பானத்தின் பெயர் உலகெங்கும் நிலைத்தது இலண்டனாலன்று, டப்ளினாலேயே எனலாம்.

இனி, மற்றைய கரும்பொருளிடம் செல்வோம். கொக்கோ மரம் தென்னமெரிக்காவின் அமேசன் மேட்டுப் பகுதியிலே தோன்றியது. எக்குவடோர் நாட்டிலே அகழ்ந்தெடுத்த கலங்களிற் கிடைத்த கொக்கோத் தடயங்கள் 5,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை என்று 2018ஆம் ஆண்டிலே ஆய்வாளர் அறிவித்தனர். மத்திய அமெரிக்காவின் மாயா மக்களும் அஸ்தெக் மக்களும் அதன் விதையை அரைத்து நுரைக்க ஆற்றிப் பருகினர். விதையையே நாணயமாகவும் வழங்கினர். 1753ஆம் ஆண்டிலே தாவரவியலறிஞர் லின்னேயசு அம்மரத்துக்குத் தியோபுரோமா என்று பெயரிட்டார். தெய்வங்களின் உணவு என்பது அதன் பொருள். ஐரோப்பாவிலும் நெடுங்காலம் அது பானமாகவே இருந்தது. 1828ஆம் ஆண்டிலே ஒல்லாந்தரான வான் ஹௌட்டன் குடும்பத்தினர் விதையிலுள்ள கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் அழுத்தியொன்றுக்கு உரிமை பெற்றனர். எஞ்சிய பிண்ணாக்கை இடித்தால் எளிதிற் கரையும் கொக்கோத் தூள் கிடைத்தது. பிழிந்தெடுத்த கொழுப்பைத் தூளோடும் சீனியோடும் சேர்த்து வார்த்து, உண்ணத்தக்க சொக்கலேற் கட்டியை 1847ஆம் ஆண்டிலே பிரிஸ்டல் நகரத்துப் பிரை கம்பனியார் செய்தனர்.

பிரிஸ்டலிலே பிரை, பேமிங்ஹாமிலே கட்பரி, யோர்க்கிலே ரவுண்ட்றீ ஆகிய இம்மூன்று குடும்பத்தாரும் குவேக்கர் என்னும் கிறித்தவ சமயக் குழுவைச் சார்ந்தவர். அரச திருச்சபையைச் சேராதவராதலின் ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் கதவுகள் அவர்களுக்கு நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தன. ஆகவே வாணிகத்திலே புகுந்தனர். வாணிகத்திலும் கொக்கோவை அவர்கள் உவந்து ஏற்றதற்குத் தனிக் காரணமொன்றும் இருந்தது. குடியினாற் குடும்பங்கள் அழிவதைக் கண்டு வருந்திய அவர்கள், பியருக்கு மாற்றாக மலிவான, சூடான, போதையற்ற பானமொன்றைத் தொழிலாளருக்கு அளிக்க விரும்பினர். 1824ஆம் ஆண்டிலே பேமிங்ஹாமிற் கடை திறந்த ஜோன் கட்பரி, தேயிலையும் கோப்பியும் கொக்கோவும் விற்றதோடு, மதுவிலக்கு இயக்கத்திலும் முன்னின்று உழைத்தவர். அவர் மக்கள் 1879ஆம் ஆண்டிலே நகர்ப்புறத்திலே போர்ண்வில் தொழிற்சாலையை நிறுவினர். பின்னர் அதனையடுத்து எழுந்த அழகிய குடியிருப்பிலே தோட்டங்களும் பாடசாலையும் விளையாட்டிடங்களும் இருந்தன. மதுக்கடை மட்டும் இருக்கவில்லை.

இங்கே ஒரு விந்தையை நேயர்கள் கருதல் வேண்டும். கொக்கோ பியருக்கு மருந்தாகக் கருதப்பட்டது போலவே, பியரும் முன்னொரு காலத்திலே மருந்தாகக் கருதப்பட்டதுண்டு. 1751ஆம் ஆண்டிலே வில்லியம் ஹோகார்த் என்னும் ஓவியர் இரு படங்களை வெளியிட்டார். ஜின் என்னும் கொடிய சாராயம் குடித்தோர் அழியும் தெரு ஒன்று; பியர் குடித்தோர் கொழுத்து மகிழும் தெரு மற்றொன்று. 1830ஆம் ஆண்டிலே ஆங்கிலப் பாராளுமன்றம், ஜின்னிலிருந்து மக்களை மீட்கலாம் என்று கருதி, இரண்டு கினி செலுத்துவோர் எவரும் பியர் விற்கலாம் என்று சட்டமியற்றியது. இரண்டே ஆண்டுகளில், 1832இல், பிரெஸ்டன் நகரிலே ஜோசப் லைவ்சியும் அவர் தோழர் அறுவரும், பியரும் உட்பட எவ்வகை மதுவையும் தொடுவதில்லை என்று கைச்சாத்திட்டனர். ஒரு தலைமுறையின் மருந்தே அடுத்த தலைமுறையின் நோயாகிவிட்டது.

இன்னுமொரு விந்தையும் உண்டு. இலண்டன் ஸ்பிற்றல்பீல்ட்ஸ் பகுதியிலே போர்ட்டருக்குப் பெயர்பெற்ற துரூமன், ஹன்பரி வடிசாலையின் பங்காளருள் ஒருவர் தோமஸ் பவல் பக்ஸ்டன் என்பவர். அவருடைய தாயாரும் மனைவியாரும் குவேக்கர் குடும்பத்தினர். வில்பர்போஸ் முதுமையினால் ஓய்ந்தபோது, அடிமை ஒழிப்புப் போராட்டத்தின் தலைமையைப் பாராளுமன்றத்திலே ஏற்றவர் இந்தப் பியர் வடிசாலைக்காரரே. 1833ஆம் ஆண்டிலே பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது அவர் தலைமையிலேதான். பியர் விற்ற கை அடிமை விலங்கை உடைக்க முன்னின்றது. கொக்கோ விற்ற கை யாது செய்தது?

1901ஆம் ஆண்டிலே கட்பரி கம்பனியின் வில்லியம் கட்பரி, ஆபிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள சாவோ தோமே தீவிலே விலைக்கு வந்த கொக்கோத் தோட்டமொன்றின் விளம்பரத்தைக் கண்டார். நிலம், கட்டடம், கருவி என்பனவற்றோடு தொழிலாளரும் சொத்துக் கணக்கிலே சேர்க்கப்பட்டிருந்தனர். அத்தீவு போர்த்துக்கேயருக்கு உரியது. அடிமை முறை ஒழிந்துவிட்டது என்று போர்த்துக்கல் அறிவித்துப் பல ஆண்டுகள் கழிந்திருந்தன. ஆனால் அங்கோலாவிலிருந்து ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று கூறிக் கொண்டுசெல்லப்பட்டவர்களுள் ஊர் திரும்பியவரைக் காண்பது அரிது. கட்பரி கம்பனி வாங்கிய கொக்கோவிற் கணிசமான பங்கு அத்தீவிலிருந்து வந்தது. போதைக்கு மாற்றாக அன்போடு ஊட்டிய பானத்திலே பிறர் கண்ணீர் கலந்திருந்தது.

கட்பரியார் வாளாவிருந்தார் என்று கூறுதல் நியாயமன்று. போர்த்துக்கேய அரசிடம் முறையிட்டனர். 1905ஆம் ஆண்டிலே ஜோசப் பேட் என்பவரை ஆராய்ந்து வர அனுப்பினர். ஆயினும், அதற்கு முன்னரே ஹென்றி நெவின்சன் என்னும் பத்திரிகையாளர் அங்கோலாவின் உட்பகுதியிலிருந்து தீவுவரை சென்று, தாம் கண்டவற்றை 1906ஆம் ஆண்டிலே நூலாக வெளியிட்டுவிட்டார். கட்பரி முதலிய கம்பனிகள் அத்தீவின் கொக்கோவை வாங்குவதில்லை என்று அறிவித்தது 1909ஆம் ஆண்டிலேதான். முதன்முதலாக ஐயுற்ற நாளுக்கும் விலகிய நாளுக்கும் இடையே எட்டு ஆண்டுகள் கழிந்தன. ஒப்பந்தம் ஐந்தாண்டு என்பதை நினைவிற் கொண்டால், எட்டு ஆண்டு எத்துணை நீண்டது என்பது விளங்கும். இத்தாமதத்தைக் கண்டித்து ஒரு பத்திரிகை எழுதியது. கம்பனியார் அவதூறு வழக்குத் தொடுத்தனர். 1909ஆம் ஆண்டின் இறுதியிலே பேமிங்ஹாம் நீதிமன்றத்தில் யூரர்கள் கம்பனிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர். ஆனால் மானநட்டமாக அவர்கள் விதித்த தொகை ஒரு பார்திங், அஃதாவது காற்பென்னி. சட்டம் ஒன்றைச் சொல்ல, யூரர்களின் மனச்சாட்சி மற்றொன்றைச் சொன்னது போலும்.

இவ்வாறு ஆங்கில நாட்டிலே கொக்கோவும் பியரும் எதிரெதிர் நிற்க, பிரௌனி அமெரிக்காவிலே பிறந்தது. 1893ஆம் ஆண்டு சிக்காகோ நகரிலே உலகக் கண்காட்சி நடைபெற்றபோது, பேர்தா பாமர் என்னும் சீமாட்டி, பெண்கள் கையிற் பிடித்து உண்ணத்தக்க சிறிய இனிப்பொன்றைச் செய்யுமாறு தம் குடும்பத்துக்குரிய பாமர் ஹவுஸ் ஹோட்டலின் சமையற்காரரைப் பணித்தார் என்றும், அதுவே பிரௌனியின் மூலம் என்றும் அந்த ஹோட்டலிலே வழிவழியாகக் கூறிவருகின்றனர். நூற்சான்றோ வேறொரு வழியிற் செல்கின்றது. பொஸ்டன் சமையற் கல்லூரியைச் சேர்ந்த பானி பாமர் 1896ஆம் ஆண்டிலே வெளியிட்ட நூலிலே பிரௌனி என்ற பெயர் உண்டு, சொக்கலேற் இல்லை. கரும்புச் சீனிப்பாகினால் ஆன சிறு கேக் அது. 1904ஆம் ஆண்டளவிலே சொக்கலேற் இட்ட பிரௌனி சமையல் நூல்களிலே தலைகாட்டுகின்றது. 1906ஆம் ஆண்டிலே பானி பாமருடைய நூலின் புதிய பதிப்பிலும் அது இடம் பெற்றுவிட்டது. கேக் போல உப்பாமலும், விசுக்கோத்துப் போல முறுகாமலும், மா குறைந்து சொக்கலேற் மிகுந்து பசைந்து நிற்பதே அதன் இலக்கணம்.

அக்காலத்து அமெரிக்காவிலே பிரௌனியோடு பியரைச் சேர்க்க எவரும் எண்ணியிருக்கமாட்டார். 1874ஆம் ஆண்டிலே தோன்றிய கிறித்தவ மாதர் மதுவிலக்குச் சங்கம் நாடெங்கும் கிளைபரப்பியிருந்தது. 1920ஆம் ஆண்டு ஜனவரியிலே அந்நாடு முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. வடிசாலைகள் பல மூடப்பட்டன. சில, மோல்ட் பாகும் ஐஸ்கிறீமும் செய்து பிழைத்தன. 1933ஆம் ஆண்டு டிசெம்பரிலே விலக்கு நீங்கிய பின்னரும், எஞ்சிய பெரு வடிசாலைகள் வெளிர்நிறப் பியரையே பெரிதும் வடித்தன. 1978ஆம் ஆண்டிலே ஜனாதிபதி கார்ட்டர் கைச்சாத்திட்ட சட்டமொன்று வீட்டிலே தமக்கெனப் பியர் வடிப்போர்க்கு மத்திய அரசின் இசைவை அளித்தது. அவ்வாறு வீட்டிலே பயின்றோர் பலர் பின்னர்ச் சிறு வடிசாலைகளைத் தொடங்கிப் பழைய போர்ட்டரையும் ஸ்டௌட்டையும் மீட்டெடுத்தனர். கறுப்புப் பியர் மீண்டும் அடுக்களைக்கு அருகில் வந்தது அப்பொழுதுதான்.

அயர்லாந்திலோ இவ்வுறவு அறுபடவேயில்லை. உலர்ந்த முந்திரிகையைப் போர்ட்டரிலே ஊறவைத்துச் செய்யும் போர்ட்டர் கேக் அங்கே பழைய வழக்கு. உண்மையிலே, வடிசாலையும் போறணையும் ஒருதாய் மக்கள் போன்றவை. மதுவம் கட்டியாக விற்பனைக்கு வருமுன்னர், பாண் சுடுவோர் வடிசாலையின் நுரையையே பெற்று மாவைப் பொங்கவைத்தனர். 2004ஆம் ஆண்டிலே ஆங்கிலச் சமையல் நூலாசிரியை நைஜெல்லா லோசன் கின்னஸ் சேர்த்த சொக்கலேற் கேக்கின் செய்முறையைத் தம் நூலொன்றிலே வெளியிட்டார். அவ்வகைப் பணியாரம் பல நாட்டு அடுக்களைகளிற் பரவுவதற்கு அது பெரிதும் துணையாயிற்று.

இவ்விரு பொருளும் ஏன் சுவையால் ஒத்துப்போகின்றன? இரண்டும் நொதித்தவை, இரண்டும் வறுபட்டவை. கொக்கோ விதையைச் சதையோடு குவித்து வாழையிலையால் மூடி ஐந்தாறு நாள் நொதிக்கவைத்து, உலர்த்தி, பின்னர் வறுப்பர். மோல்ட்டை முதலில் வறுத்து, பின்னர் அதன் சாற்றை நொதிக்கவைப்பர். முறை முன்பின்னாக மாறினும் தொழில் ஒன்றே. வறுபடும்போது சீனியும் புரதக் கூறுகளும் கூடிக் கபில நிறத்தையும் நறுமணத்தையும் பிறப்பிக்கின்றன. இதனை 1912ஆம் ஆண்டிலே விளக்கியவர் மையார் என்னும் பிரெஞ்சு அறிஞர். ஆதலாலேயே, வற்றக் காய்ச்சிய ஸ்டௌட் பிரௌனியிலே பியராகத் தனித்து நில்லாமல், சொக்கலேற்றின் கசப்பை ஆழப்படுத்தி, சீனியின் திகட்டலைத் தணித்து நிற்கின்றது.

நம் நாட்டுக்கும் இக்கதையிலே இடமுண்டு. 1869ஆம் ஆண்டிலே கோப்பிச் செடியை இலைநோய் பற்றிக்கொண்டபோது, தோட்டக்காரர் வேறு பயிர்களை நாடினர். அவ்வாறு மாத்தளையிலும் தும்பறைப் பள்ளத்தாக்கிலும் பரவியதே நம் கொக்கோ. நுவரெலியாவின் குளிரிலே 19ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயர் பியர் வடிக்கத் தொடங்கினர். இந்நாட்டு ஸ்டௌட் இன்று பிற நாடுகளிலும் அறியப்பட்டது. ஆகவே அந்த மாணவியின் தாளிலிருந்த இரு கரும்பொருளும் நமக்கு அந்நியமல்ல.

இரண்டு நாள் கழிந்தது. ஆசிரியையையும் மாணவியையும் அழைத்தேன். முதலிலே, போறணைச் சூட்டிலே மதுசாரம் முழுவதும் ஆவியாகிவிடும் என்று பலரும் நம்புவது தவறு என்பதைக் கூறினேன். கலவையிற் சேர்த்து அரை மணித்தியாலம் வேகவைத்தால் ஏறத்தாழ 35 சதவீதம் எஞ்சும் என்று அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணை காட்டுகின்றது. அளவு சிறிதெனினும், இல்லை என்று கூறுதற்கில்லை. 21 வயதுக்குட்பட்டோர்க்கு மது விற்றலாகாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருக்கும் நாட்டிலே, பாடசாலை மேசையில் அதனைப் பரிமாறுதல் பொருந்தாது. ஸ்டௌட்டுக்குப் பதிலாக வறுத்த கோப்பியின் கடுஞ்சாற்றைச் சேர்க்குமாறு சொன்னேன். வறுபட்ட கசப்பு அதிலும் உண்டு. பாட்டனார் உயிரோடிருந்தால் இத்தீர்ப்பை ஏற்றிருப்பார்.

ஆனால், அவர் அறியாத ஒன்றையும் நான் சொல்லவேண்டியிருந்தது. "பிள்ளை, பியரைப் பற்றி உங்கள் ரீச்சர் கேட்டது நல்ல கேள்வி. ஆனால், அதே தாளிலுள்ள சொக்கலேற்றைப் பற்றி நாங்கள் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லையே" என்றேன். சாவோ தோமேயை விட்டு விலகிய கம்பனிகள் கோல்ட் கோஸ்டை, இன்றைய கானாவை, நாடின. அங்கே ஆபிரிக்க விவசாயிகள் தம் சொந்த நிலத்திலே கொக்கோ நட்டனர். அது நல்ல மாற்றமே. ஆயினும் கதை அங்கே முடியவில்லை. 2020ஆம் ஆண்டிலே சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வு நிறுவனமொன்று, கானாவிலும் ஐவரி கோஸ்டிலும் 15 இலட்சத்துக்கு மேற்பட்ட சிறுவர் கொக்கோத் தொழிலிலே தகாத வேலைக்கு உட்பட்டுள்ளனர் என்று அறிக்கையிட்டது. உலகக் கொக்கோவிற் பாதிக்கு மேல் விளைவது அவ்விரு நாடுகளிலேயே. பிரௌனியைப் பெற்றதாகப் பெருமை பேசும் அதே நகரத்திலிருந்து அவ்வறிக்கை வந்தது.

அந்த மாணவி தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கண்காட்சி நாளிலே அவளுடைய மேசைக்குச் சென்றேன். கோப்பிச் சாறு சேர்த்த பிரௌனித் துண்டுகள் தட்டிலே இருந்தன. அவற்றின் பின்னே சுவரில் ஒரு விளக்கப்படம் தொங்கியது. இலண்டன் துறையிலே மூட்டை தாங்கிய சுமைகாரன் ஒருவனையும், கொக்கோக் காய்க் கூடையைத் தலையிலே தாங்கிய சிறுவன் ஒருவனையும் அருகருகே வரைந்திருந்தாள். கீழே அவள் எழுதியிருந்தது ஒரே ஒரு வரி: "இதை யார் சுமந்தார்?"

விலக்க வேண்டியதை விலக்கக் கற்பிப்பது ஆசிரியரின் கடமை. நல்லது என்று நாம் கையிலெடுத்துக் கொடுக்கும் பொருளையும் அதே கண்ணால் நோக்கக் கற்பிப்பதும் அக்கடமையின் மறுபாதி என்பதை அந்த ஒரு வரியிலே நான் கற்றுக்கொண்டேன். ஒரு துண்டை எடுத்து உண்டேன். சுவை நன்றாகவே இருந்தது.